கண்டியின் முதல் பெண் ஆளுநரும் அவர் விட்டுச்சென்ற கோப்புகளும்

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய மாகாண ஆளுநராகச் சுரங்கனி எல்லாவல நியமிக்கப்பட்டார். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபை முறை வந்த நாள் முதல் அதுவரை கண்டியில் அந்தக் கதிரையில் ஆண்களே இருந்துவந்தனர். ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலமே அவர் பணியாற்றினார். 2016இல், பதவியில் இருக்கும்போதே காலமானார். அவருக்குப் பின் நிலூக்கா ஏக்கநாயக்க ஆளுநராகி 2018 வரை இருந்தார். ஆக, கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களின் ஆளுநர் பொறுப்பு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அடுத்தடுத்து இரண்டு பெண்களின் கையில் இருந்தது. இது சிறிய செய்தி அல்ல. ஆனால் இன்று அந்தக் காலம் ‘முதல் பெண் ஆளுநர்’ என்ற ஒரு தொடராகவும், அலுவலகச் சுவரில் வரிசையாக மாட்டப்படும் படங்களில் ஒன்றாகவும் சுருங்கிவிடும் நிலையில் இருக்கிறது. முன்னோடி ஒருவரின் மரபு என்பது அவருக்குக் கிடைத்த பட்டம் அல்ல. அவர் படித்து, குறிப்பெழுதி, கையொப்பமிட்ட பொது ஆவணங்களே அந்த மரபு. அவை பாதுகாக்கப்பட்டு, பட்டியலிடப்பட்டு, மக்கள் படிக்கத் திறந்துவிடப்படாதவரை அவரைப் போற்றவும் முடியாது, விமர்சிக்கவும் முடியாது. இந்தக் கட்டுரை நிறுவ விரும்புவது இதைத்தான்.

இதற்கு எழக்கூடிய முதல் ஆட்சேபம் பதவியைப் பற்றியது. ஆளுநர் மக்களால் தெரிவு செய்யப்பட்டவர் அல்லர். சனாதிபதி நியமிக்கிறார், அவர் விரும்பும்வரை இருக்கிறார். அன்றாட நிர்வாகம் முதலமைச்சரிடமும் அமைச்சர் வாரியத்திடமும் இருந்தது. எல்லாவலவின் காலத்தில் சரத் ஏக்கநாயக்க அந்த முதலமைச்சர் பதவியில் பத்தாண்டைக் கடந்து அனுபவம் பெற்றிருந்தார். அப்படியிருக்க, ரிப்பன் வெட்டும் ஒருவரின் கோப்பில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்கலாம். அரசியலமைப்பும் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. மாகாண சபை நிறைவேற்றும் நியதிச்சட்டம் ஆளுநரின் சம்மதம் பெற்றே சட்டமாகிறது. நிதி சம்பந்தப்பட்ட நியதிச்சட்டத்தைச் சபையில் கொண்டுவரவே அவரது விதப்புரை வேண்டும். மாகாண அரச சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகிய அதிகாரங்கள் அவரிடம் இருக்கின்றன. மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவை நியமிப்பவரும் அவரே. ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் வருவதும் வராமல் போவதும் இந்த அதிகார வலையின் ஏதோ ஓர் இழையில்தான் முடிவாகிறது. அதிகாரம் உள்ள இடத்தில் கோப்பு இருக்கும். கோப்பு இருக்கும் இடத்தில் வரலாறும் இருக்கும்.

ஆளுநரின் ஒரே ஒரு கையொப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நாமறிந்த சான்று பாத்திமா பீவி. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் அமர்ந்த அவர், 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களின் கருணை மனுக்களை 1999இல் அவர் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் எடுத்த முடிவு என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை அதே ஆண்டு நவம்பரில் ரத்துச் செய்தது. அமைச்சரவை கூடி ஆலோசனை கூறிய பின், 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நளினியின் தண்டனை மட்டும் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் மனுக்கள் மீண்டும் நிராகரிக்கப்பட்டன. அந்த மூவரில் முருகனும் சாந்தனும் இலங்கையர். அவர்கள் வெளியே வர 2022 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்து, 2001 மே மாதம் ஜெயலலிதாவுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த முடிவு. அந்த நியமனம் செல்லாது என்று அதே ஆண்டு செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, கருணாநிதி கைதையொட்டிய புயலில் பாத்திமா பீவி பதவி விலகிவிட்டார். 2023இல் அவர் மறைந்தபோது இரங்கல் குறிப்புகள் எல்லாம் ‘முதல் பெண் நீதிபதி’ என்றே தொடங்கின. அவரது ஆளுநர் காலத்தை எடைபோட வேண்டுமானால் அந்தப் பட்டம் எதற்கும் உதவாது. எந்தக் குறிப்பு அவர் மேசைக்கு வந்தது, எந்தச் சட்ட ஆலோசனையை அவர் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பதே கேள்வி. நீதிமன்றம் வரை போனதால் சில தாள்கள் வெளிச்சத்துக்கு வந்தன. நீதிமன்றம் போகாத நூற்றுக்கணக்கான முடிவுகள் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன.

இரண்டாவது ஆட்சேபம்: எல்லா ஆளுநர்களின் ஆவணங்களுக்கும் பொதுவான கோரிக்கையை ஏன் ஒரு பெண்ணின் பேரில் வைக்க வேண்டும்? சட்டம் பால் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் நினைவு பார்க்கிறது. ஆண் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதும்போது அவரது செயலில் தொடங்குகிறோம். பெண் தலைவரைப் பற்றி எழுதும்போது அவர் யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று தொடங்குகிறோம். சுரங்கனி எல்லாவல இரத்தினபுரி அரசியல்வாதி நந்த எல்லாவலவின் மனைவி. 1997இல் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நாலந்த எல்லாவலவின் தாய். அவரே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பது மூன்றாவதாகத்தான் சொல்லப்படுகிறது. இது இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. அமெரிக்காவின் முதல் பெண் மாநில ஆளுநர் நெல்லி டெய்லோ ராஸ், 1925இல் வயோமிங் மாநிலத்தில் பதவியேற்றது ஆளுநராக இருந்த கணவர் இறந்ததைத் தொடர்ந்து நடந்த தேர்தலில் வென்றுதான். அடுத்த சில நாட்களில் டெக்சாஸில் பதவியேற்ற மிரியம் ஃபெர்குசனும் பதவி பறிக்கப்பட்ட ஆளுநர் ஒருவரின் மனைவி. துயரத்தின் வழியாகவோ குடும்பத்தின் வழியாகவோ பதவிக்கு வந்த பெண்ணின் சொந்த அறிவும் துணிவும் எங்கே தெரியும்? கணவரின் நிழல் விழாத இடம், அவர் தன் கையால் எழுதிய குறிப்பு ஒன்றுதான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பதவியை விட்டு இறங்கியவர் நினைவுக்குறிப்பு எழுதலாம், பேட்டி கொடுக்கலாம், தன் கடிதங்களைத் தானே ஒழுங்குபடுத்தி ஒரு நூலகத்துக்குக் கொடுக்கலாம். பதவியிலேயே இறந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்தியாவின் முதல் பெண் ஆளுநர் சரோஜினி நாயுடு 1949 மார்ச் 2ஆம் திகதி லக்னோவில் ஆளுநராகவே இறந்தார். ஆனாலும் அவரை இன்று நாம் முழு ஆளாக அறிவோம். கவிஞராக, காங்கிரஸ் தலைவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் எழுதிய கடிதங்கள் திரட்டிப் பதிப்பிக்கப்பட்டிருக்கின்றன. மகள் பத்மஜா நாயுடு 1956 முதல் பத்தாண்டுக்கு மேல் மேற்கு வங்க ஆளுநராக இருந்தார்; அவரது தாள்கள் டெல்லியில் தீன்மூர்த்தி இல்லத்து நூலகத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. எல்லாவலவுக்கு அத்தகைய இலக்கியப் புகழ் இல்லை. அப்படியானவருக்காகப் பேச எஞ்சியிருப்பது அலுவலகக் கோப்பு மட்டுமே. அதையும் விட்டுவிட்டால் அவர் இரண்டாவது முறை இறந்ததாகும்.

ஆவணங்களைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் தெளிவான முன்மாதிரி. கணவரின் பதவியைத் தொடராமல், தன் பேரில் தேர்தலில் நின்று வென்ற முதல் பெண் ஆளுநர் எலா கிராசோ. 1974இல் தெரிவாகி, புற்றுநோயால் 1980 இறுதியில் பதவி விலகி, சில வாரங்களில் இறந்தார். அவர் தனிமனிதராகச் சேர்த்த தாள்கள் அவர் படித்த மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் இருக்கின்றன. ஆளுநராக உருவாக்கிய அலுவலக ஆவணங்கள் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போயின. தனிப்பட்டது ஓரிடம், பொதுவானது ஓரிடம். ஆட்சேபிப்போர் அடிக்கடி எழுப்பும் ‘அந்தரங்கம் என்னாவது’ என்ற கேள்விக்கு அங்கே நடைமுறையிலேயே விடை இருக்கிறது. அரச ஆவணங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தே அவர் பதவிக்கு வந்தார் என்பதும், மாநிலத்தின் தகவல் சுதந்திரச் சட்டம் அவரது முதல் ஆண்டான 1975இலேயே நிறைவேறியது என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை.

கண்டிக்கு இது புதிய பாடம் அல்ல. ஆவணத்தின் வலிமையை இந்த நகரம் அறிந்த அளவுக்கு இலங்கையில் வேறு நகரம் அறிந்திருக்குமா என்பது ஐயமே. 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. ஆளுநர் பிரவுன்றிக் சார்பிலும் கண்டிப் பிரதானிகள் சார்பிலும் இடப்பட்ட கையொப்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டிருப்பது இந்த நாட்டின் இனங்களைப் பற்றிய எத்தனையோ எளிய கதைகளை இருநூறு ஆண்டுகளாகக் கேள்விக்கு உட்படுத்தி வருகிறது. தாள் காக்கப்படாமல் போயிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. கண்டியில் பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்து 1824இல் இறந்த ஜோன் டொயிலி எழுதிய நாட்குறிப்பு 1917இல் அச்சேறியது. கண்டி இராச்சியத்தின் கடைசி ஆண்டுகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைத் தவிர்க்க முடிவதில்லை. அந்நிய அதிகாரி ஒருவர் நாள்தோறும் எழுதி வைத்த தாள்கள் இருநூறு ஆண்டு வாழ்ந்திருக்கின்றன. நம் காலத்து முதல் பெண் ஆளுநரின் தாள்கள் இருபது ஆண்டாவது வாழ வேண்டாமா?

முதல் பெண் என்ற பட்டத்துக்கும் ஆவணத்துக்கும் உள்ள தூரத்தை மலையகத் தமிழரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானவர் என்று சிறிமாவோ பண்டாரநாயக்கவை உலகம் கொண்டாடுகிறது. அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் கண்டிச் சீமையின் தோட்டங்களில் அவரது பெயர் முதலில் நினைவூட்டுவது 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி லால் பகதூர் சாஸ்திரியோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கையை. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிக்கப்பட்டார்கள். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியோடு அவரே பாதிபாதியாகப் பங்கிட்டார். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவரைப் பற்றிய மலையகத்தின் தீர்ப்பு அந்த ஆவணத்தின் மேல்தான் நிற்கிறது. அதே ஆவணம் இருப்பதால்தான் அந்தத் தீர்ப்பை வாதிடவும், நியாயத்தோடு திருத்தவும் முடிகிறது. புகழுரைக்கும் வசைக்கும் நடுவில் நிற்கக்கூடியது எழுத்துச் சான்று ஒன்றே.

அதற்கும் முன்பே இந்த மக்களுக்குக் கடதாசியின் அருமை கொடூரமாகக் கற்பிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவே அரிதாயிருந்த காலத்தில் தகப்பனின், பாட்டனின் பதிவுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. இத்தனை பெரிய சமூகம் நாடற்றதாகிக் கிடந்ததற்குக் கையில் தாள் இல்லை என்பது சட்டம் சொன்ன காரணம். அந்தச் சமூகத்தின் பிள்ளைகள், தங்களை ஆண்ட மாகாணத்தின் கோப்புகள் தங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது ஆய்வாளரின் ஆடம்பரம் அல்ல. அது நீண்ட நாள் பாக்கி.

அந்தக் கோப்பு ஒன்றுக்குள் என்ன இருக்கும் என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர் இல்லை. அதிபர் கடிதம் எழுதுகிறார். அது கோட்டக் கல்விப் பணிமனைக்கும் பிறகு வலயக் கல்விப் பணிமனைக்கும் போகிறது. அங்கிருந்து மாகாணக் கல்வித் திணைக்களம், பிறகு அமைச்சின் செயலாளர். ஒன்றும் நடக்காதபோது பெற்றோர் ஒன்றுகூடி ஆளுநருக்கே மனு அனுப்புகிறார்கள். மனுவின் கீழே வரிசையாகக் கையொப்பங்கள், கையெழுத்துத் தெரியாதவர்களின் பெருவிரல் அடையாளங்கள். செயலகத்தில் திகதி முத்திரை விழுகிறது, கோப்பு இலக்கம் ஏறுகிறது. தமிழில் வந்த மனுவின் சாரத்தை யாரோ ஓர் உத்தியோகத்தர் சிங்களத்தில் இரண்டு வரியாக எழுதி மேலே வைக்கிறார். அந்த இரண்டு வரியில் எது விடுபட்டது என்பதிலேயே அரசகரும மொழிக் கொள்கையின் உண்மை நிலை தெரிந்துவிடும். ஓரத்தில் ஆளுநரின் குறிப்பு: ‘அறிக்கை தருக’ என்று இருந்தால் ஒரு கதை, ‘இந்தத் திகதிக்குள் நியமிக்கவும்’ என்று இருந்தால் வேறு கதை. பெண் ஆளுநர் வந்ததால் பெண் தொழிலாளர்களின் மனுக்களுக்குப் பதில் விரைவாகப் போனதா, எதுவும் மாறவில்லையா என்ற கேள்விக்கு மேடைப் பேச்சில் விடை கிடைக்காது. இந்த ஓரக் குறிப்புகளை ஆயிரமாக வைத்து எண்ணிப் பார்க்கும் ஆய்வாளருக்கே கிடைக்கும்.

அரச ஆவணம் அதிகாரத்தின் குரல், அது மக்களின் வலியைச் சொல்லாது என்பது மூன்றாவது ஆட்சேபம். மூன்றிலும் கனமானதும் இதுவே. கச்சேரிக் கோப்புகளை மட்டும் நம்பித் தோட்ட வரலாறு எழுதியவர்கள் கங்காணியையும் துரையையும் கண்டார்கள், தொழிலாளியைக் காணவில்லை என்பது மெய். ஆகவேதான் கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய பீகொக் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை நடத்திவருகிறது. நூலகம் நிறுவனம் 2005 முதல் சமூகத்தின் தாள்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. இவை இன்றியமையாதவை. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது. மக்கள் தரப்பு ‘கேட்டோம், கிடைக்கவில்லை’ என்கிறது. அரச தரப்பு ‘கேட்கவே இல்லை’ என்கிறது. மனு வந்துசேர்ந்ததைக் காட்டும் முத்திரை அரசின் கோப்பில்தான் இருக்கிறது. வடக்கிலும் இதே நிலைதான். போர் முடிந்த காலத்தில் வவுனியா அரசாங்க அதிபராக இருந்து, பின்னர் வட மாகாணத்தின் முதல் பெண் ஆளுநரான பி.எஸ்.எம். சார்ள்சின் பணியை வரலாறு எப்படி மதிப்பிடும் என்பது, இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வந்தவர்களின் வாய்மொழியையும் அக்காலக் கச்சேரிக் கோப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. அதிகாரத்தின் குரலை நம்பவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் குறுக்கு விசாரணை செய்யவாவது அது இருக்க வேண்டும்.

இரகசியத்தன்மை பற்றிய தயக்கத்துக்குச் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்பு, தனிமனித அந்தரங்கம் முதலியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் அந்த விலக்கும் தளரும். அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, பகிரங்க அதிகாரசபைகள் தம் பதிவேடுகளை முறையாகப் பட்டியலிட்டு, சுட்டி தயாரித்து வைக்க வேண்டும் என்று விதிக்கிறது. சட்டம் வரும்போது ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டுகளும், புதியவற்றை உருவான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டுகளும் காக்க வேண்டும் என்கிறது. இது குறைந்தபட்சக் காலம். அது முடிந்ததும் எறிந்துவிடலாம் என்ற அனுமதி அல்ல. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டமும் பின்னால் நிற்கிறது. ஆனால் நடைமுறையில் குறைந்தபட்சம் முடியும் நாளே ஆபத்தின் நாள். சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரியில். அந்த 10 ஆண்டு 2027 பெப்ரவரியில் நிறைகிறது. எல்லாவலவின் பதவிக்காலம் முழுவதும் இந்த எல்லைக்குள்தான் விழுகிறது.

இந்தக் கேள்வியை அவசரமாக்கும் இன்னொரு காரணமும் உண்டு. 2013 செப்டெம்பரில் தெரிவான மத்திய மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படாமல் ஆண்டுகள் ஓடின. சபையோ முதலமைச்சரோ இல்லாமல் மாகாண நிர்வாகம் ஆளுநரின் கைக்கே போனது. சபை இருந்த காலத்தில் விவாதம் பதிவேட்டில் ஏறும், எதிர்க்கட்சி கேள்வி கேட்கும், பத்திரிகை எழுதும். சபை இல்லாத காலத்தில் ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதற்கு ஆளுநரின் கோப்பைத் தவிரச் சாட்சி இல்லை. எனவே முதல் பெண் ஆளுநரின் ஆவணங்களைக் காக்கும் ஒழுங்கு இன்று உருவானால், நாளை எல்லா ஆளுநர்களும் அதற்குக் கட்டுப்படுவார்கள். எல்லாவலவுக்கு நாம் செய்யக்கூடிய மெய்யான அஞ்சலி, அவரது கோப்புகளிலிருந்து அந்த ஒழுங்கைத் தொடங்குவதே.

செய்யவேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. ஆளுநர் செயலகம் 2015 முதல் 2018 வரையான கோப்புகளின் பட்டியலைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களம் அவற்றைப் பொறுப்பேற்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தமிழ், அரசியல் விஞ்ஞானத் துறைகள் தம் மாணவரை அந்தப் பட்டியலில் வேலை செய்ய அனுப்ப வேண்டும். அந்தக் கோப்புப் பட்டியலைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு; தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதினால் போதும், தமிழிலேயே எழுதலாம். கண்டியிலும் மாத்தளையிலும் நுவரெலியாவிலும் உள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் தொழிற்சங்கத்தாரும் அந்த விண்ணப்பத்தை 2027 பெப்ரவரிக்கு முன்பே எழுத வேண்டும்.